நாலு பல் போலோ!

மாடு வாங்கப் போகிறவன் முதலில் பல்லைப் பிடித்து வயசு பார்ப்பான். அப்புறம் சுழி. அப்புறம் நாலு தப்படி நடக்கவிட்டுக் கால் பார்ப்பான். இத்தனையும் முடிந்த பிறகுதான் துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடித்து விலை பேசுவது. மணப்பாறைச் சந்தைக்கு வருஷக்கணக்காகப் போய் வருகிற என் சித்தப்பா, "விலைய மொதல்ல கேக்குறவன்தாம்ப்பா ஏமாறுவான்" என்பார்.

பழைய கார் விளம்பரத்தில் எல்லாமே தலைகீழ். முதலில் விலை, கொட்டை எழுத்தில். என் கண்ணில் பட்டது ஐந்தே கால் லட்சம். 2017 மாடல் ஃபோக்ஸ்வாகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ., சிவப்பு, ஒரே ஓனர், 48,000 கிலோமீட்டர்.

கார் பைத்தியம் பிடிக்காத வாசகர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். இந்த ஜி.டி. 2013-ல் வந்தது. 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், 105 குதிரைத்திறன், ஏழு கியர் ஆட்டோமேட்டிக். நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட 9.7 செகண்ட் என்று கம்பெனியே சொன்னது. நாம் பஸ் ஸ்டாண்டில் சில்லறை தேடுகிற நேரம்கூட இல்லை. 2020-ல் அந்த இன்ஜினுக்குப் பதில் 1 லிட்டர் இன்ஜின் வைத்தார்கள். 2022-ல் போலோவையே நம் நாட்டில் நிறுத்திவிட்டார்கள். அதாவது, ஷோரூமுக்குப் போய்ப் புதிதாக வாங்க முடியாது. ஆசை இருந்தால் இன்னொருத்தர் ஓட்டியதைத்தான் வாங்கவேண்டும்.

ஆசை இருந்தது. முப்பத்தாறு வயதில், மாசச் சம்பளம் இல்லாமல், பத்திரிகைச் செக்கை நம்பிக் குடும்பம் நடத்துகிறவனுக்கு இந்த ஆசை நியாயமா என்று கேட்காதீர்கள். நாற்பது தாண்டினால் முதுகுவலி வந்து உயரமான வண்டியாகத் தேட ஆரம்பித்துவிடுவோம். ஓட்டுவதற்காகவே ஒரு கார் வாங்குவதென்றால் இந்த நாலைந்து வருஷம்தான். கையில் இருந்தது ஐந்தரை லட்சம், மூன்று வருஷச் சேமிப்பு. பே-ஸ்லிப் இல்லாதவனுக்கு பாங்க்கில் கடன் கேட்பது எப்படி இருக்கும் என்பது தனிக் கட்டுரை. அதை விடுங்கள்.

வண்டி திருச்சியில். பார்த்துவிட்டு வருவோம் என்று சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். அவருக்கு கார் ஓட்டத் தெரியாது. ஆனால் விற்கிறவன் முகத்தைப் படிப்பார்.

காருக்கும் பல் உண்டு. டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் பொறித்திருக்கும். 3217 என்றிருந்தால் 2017-ம் வருஷம் 32-வது வாரம் செய்த டயர். மீட்டர் இருபதாயிரம் காட்டி, டயர் நாலும் இரண்டாம் செட்டாக இருந்தால், மீட்டரைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். டிஜிட்டல் மீட்டரைப் பின்னால் திருப்புவது ஒன்றும் பிரம்ம வித்தை இல்லை. கண்ணாடிகளிலும் வருஷக் குறி இருக்கும். மூன்று கதவில் ஒரு வருஷம், நாலாவதில் வேறு வருஷம் என்றால், அந்தக் கதவுக்கு ஏதோ நடந்திருக்கிறது. சுழி பார்ப்பதற்கு ஒரு சின்ன காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி பாடியில் நகர்த்தினால் போதும். பட்டி அடித்த இடத்தில் பிடிப்பு தளரும். பம்பரில் ஒட்டவில்லையே என்று சண்டைக்குப் போகாதீர்கள், அது பிளாஸ்டிக்.

இந்த வண்டி எல்லாவற்றிலும் பாஸ். டயர் 2022, நம்பும்படியான கணக்கு. சர்வீஸ் பில்கள் வரிசையாக இருந்தன. விற்பவர் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புகிறார். சித்தப்பா என் காதருகே, "ஆளு சுத்தம்ப்பா" என்றார்.

ஏர்போர்ட் தாண்டிப் புதுக்கோட்டை ரோட்டில் விட்டேன். முதலில் சாதாரண கார்தான். டர்போவில் காற்று ஏறியதும் யாரோ பின்னால் கைகொடுத்துத் தள்ளியதுபோல ஒரு உந்தல். கியர் மாறுவது காதில்தான் தெரிகிறது, உடம்பில் தெரியவில்லை. மாத்தூர் வருவதற்குள் நான் மனசுக்குள் வண்டியை வாங்கி, வீட்டு வாசலில் நிறுத்தி, பொட்டும் வைத்துவிட்டேன். பின் சீட்டிலிருந்து சித்தப்பா, "இங்கிட்டு கால் நீட்ட எடமில்லயேப்பா" என்றது சரியாகக் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனிமேல்தான் பி.காம். வேலை.

ஒரு கம்பெனியின் பாலன்ஸ் ஷீட்டில் சொத்து, கடன் எல்லாம் எழுதிய பிறகு, கீழே பொடி எழுத்தில் அடிக்குறிப்பு ஒன்று வரும். கன்டின்ஜென்ட் லையபிலிட்டி. இன்றைக்குக் கடன் இல்லை, ஆனால் ஏதாவது ஒன்று நடந்தால் கடனாகும். விவரம் தெரிந்தவர்கள் பாலன்ஸ் ஷீட்டைக் கீழேயிருந்து மேலே படிப்பார்கள் என்று எங்கள் வாத்தியார் சொல்வார். பழைய கார் விளம்பரத்தில் மேலே உள்ளதைத்தான் அச்சடிக்கிறார்கள்.

போலோ ஜி.டி.க்கு அந்த அடிக்குறிப்பு கியர்பாக்ஸ். டி.எஸ்.ஜி. என்பது அதன் பெயர். உள்ளே இரண்டு கிளட்ச். ஒன்று 1, 3, 5, 7 கியர்களைப் பார்த்துக்கொள்ளும், இன்னொன்று 2, 4, 6-ஐ. ஒரு கியரில் ஓடும்போதே அடுத்த கியர் தயாராக உட்கார்ந்திருக்கும். அதனால்தான் அந்த வழவழப்பு. இரண்டையும் மாற்றிவிடுகிற மூளைக்கு மெக்கட்ரானிக் என்று பெயர். இந்த ஏழு கியர் ரகத்தில் கிளட்ச்கள் எண்ணெயில் முங்காத உலர்ந்த ஜாதி. நெடுஞ்சாலையில் ராஜா. ஊர்ந்து ஊர்ந்து போகிற டிராஃபிக்கில் கிளட்ச் பாதி பிடித்தும் பிடிக்காமலும் தேய்ந்து சூடாகும். உலகம் முழுக்க இந்த கியர்பாக்ஸ் பற்றிப் புகார் உண்டு. 2013-ல் சீனாவில் மட்டும் மூன்றே முக்கால் லட்சத்துக்கு மேற்பட்ட டி.எஸ்.ஜி. வண்டிகளைக் கம்பெனி திரும்ப அழைத்துச் சரிசெய்தது. லட்சம் கிலோமீட்டர் பிரச்னையே இல்லாமல் ஓடிய வண்டிகளும் நிறைய. உங்களுக்கு வாய்ப்பது எது என்பதை டெஸ்ட் டிரைவ் சொல்லாது.

மெக்கட்ரானிக் போனால் என்ன ஆகும் என்று ஒரு ஒர்க்ஷாப்பில் கேட்டேன். லட்சத்துக்கு மேல்தான் பேச்சே ஆரம்பித்தது. எங்கள் ஊர் மெக்கானிக்கிடம் கேட்டேன். இருபது வருஷமாக மாருதியும் டாட்டாவும் பார்க்கிறவர். "அண்ணே, அத நான் தொடமாட்டேன். தொட்டா அது என்னைய விடாது. திருச்சிக்குத்தான் கட்டி இழுக்கணும்" என்றார். ஐம்பது கிலோமீட்டர் சொச்சம், ரெக்கவரி வண்டியில். நம்ம ஊர் முதலுதவியான தள்ளி ஸ்டார்ட் செய்வது இதில் நடக்காது. நாலு பேர் கைகொடுத்தாலும் ஆட்டோமேட்டிக் அசையும், கிளம்பாது.

இன்னொரு பொடி எழுத்து பெட்ரோல். 2025-ல் பங்க்குகளில் 20 சதவீத எத்தனால் கலப்பு வந்துவிட்டது. 2023 ஏப்ரலுக்கு முந்தைய வண்டிகள் பலவும் இந்த 20 சதவீதத்தை மனதில் வைத்துச் செய்தவை அல்ல. எத்தனாலில் பெட்ரோலைவிடச் சக்தி மூன்றில் ஒரு பங்கு குறைவு, அதனால் மைலேஜ் கொஞ்சம் இறங்கும். பழைய ரப்பர் குழாய்களையும் அடிக்கடி பார்க்கவேண்டும். பயந்து சாக வேண்டிய விஷயமில்லை. ஆனால் பேப்பரில் போட்ட 17.2 கிலோமீட்டர் மைலேஜை நம்பி பட்ஜெட் போடாதீர்கள்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். எதிர்ப்பு வரும் என்று பதில்கள் தயாரித்து வைத்திருந்தேன். ரெண்டு ஏர்பேக், 2014-ல் குளோபல் என்கேப் சோதனையில் ஏர்பேக் உள்ள போலோவுக்கு நாலு ஸ்டார், ஏர்பேக் இல்லாததற்குப் பூஜ்யம் என்றெல்லாம். அவள் எதையும் எதிர்க்கவில்லை. "சரிங்க. வாங்குன அடுத்த மாசமே அந்தப் பொட்டி போச்சுன்னு வைங்க. எந்தப் பணத்த எடுப்பீங்க?" என்று மட்டும் கேட்டாள். என் பி.காமை அவள் ஒரே வரியில் சொல்லிவிட்டாள். ஐந்தரையில் ஐந்தே கால் போனால் மிச்சம் இருபத்தைந்தாயிரம். இன்ஷூரன்ஸ், பெயர் மாற்றம் என்று அதுவும் கரையும். அடுத்து எடுக்கக்கூடியது மகள் பெயரில் போட்டிருக்கும் டெபாசிட். அதைத் தொட்டுவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தால் 105 குதிரையும் நொண்டும்.

அப்படியானால் ஆசைக்குக் கார் வாங்கக்கூடாதா என்று நீங்கள் முஷ்டியை உயர்த்துவது தெரிகிறது. நானும் அதே கட்சிதான். ஜல்லிக்கட்டுக் காளை வளர்க்கிற ஊர்க்காரனிடம் போய் லாப நஷ்டம் பேசுவானா ஒருவன்? கந்தர்வகோட்டைப் பக்கம் தச்சங்குறிச்சியில் வருஷத்தின் முதல் வாடிவாசல் திறக்கும்போது நின்று பாருங்கள். அந்தக் காளை உழாது, வண்டி இழுக்காது. அதற்குப் பருத்திக்கொட்டையும் நீச்சல் பயிற்சியும். சித்தப்பாவும் ஒன்று கட்டியிருக்கிறார். "நீங்க மட்டும் என்ன கணக்குப் பாத்தா வளக்குறீங்க?" என்று மடக்கினேன்.

"கணக்குப் பாத்துத்தாம்ப்பா வளக்குறேன். அது ஒரு நாளைக்கு என்ன திங்கும்னு எனக்குத் தெரியும். சீக்கு வந்தா எந்த டாக்டரக் கூப்புடணும்னு தெரியும். உன் சிவப்புக் காளைக்கு வைத்தியன் யாருன்னே நம்மூர்ல தெரியல. தீனி தெரியாத மாட்ட எவனாவது அவுத்துட்டு வருவானா?"

முன்பணம் கொடுக்கவில்லை. விற்பவருக்கு போன் செய்து, வண்டியில் குறை ஒன்றும் இல்லை, குறை என் பையில்தான் என்றேன். சிரித்தார். ஒன்றரை லட்சம் தனியாக எடுத்துவைக்க வசதி இருந்து, திருச்சியிலேயே குடியிருந்தால், நான் அந்த வண்டியை விட்டிருக்கமாட்டேன். திருச்சி, கோவை, சென்னை வாசகர்களுக்கு அந்த வசதி இருந்தால் தாராளமாகப் போய்ப் பாருங்கள், நல்ல வண்டி.

இப்போது என் பார்வை வேறு பக்கம். மாருதி 2017-ல் பலேனோ ஆர்.எஸ். என்று ஒன்று விட்டது ஞாபகம் இருக்கிறதா? 1 லிட்டர் டர்போ, 102 குதிரை, நாலு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக், ஐந்து கியர், காலால் மிதிக்கிற சாதா கிளட்ச். அப்போது அவ்வளவாக யாரும் சீண்டவில்லை. 2019-ல் விலையை ஒரு லட்சம் குறைத்தும் பார்த்தார்கள், 2020-ல் மூடிவிட்டார்கள். போலோவின் அந்த வழவழப்பு இதில் கிடையாது. டர்போ சமாச்சாரம் ஏதாவது போனால் இதற்கும் ஸ்பேர் கொஞ்சம் காத்திருக்க வேண்டியிருக்கும். 2023-ல் வந்த ஃப்ரான்க்ஸில் இதே குடும்பத்து இன்ஜின் இருப்பது ஆறுதல். கிளட்ச் தேய்ந்தால் எங்கள் மெக்கானிக்கே மாற்றுவார். என்ன செலவாகும் என்று இப்போதே சொல்லிவிட்டார், எழுதியும் வாங்கிக்கொண்டேன்.

எதை வாங்கினாலும் காகிதத்தில் கோட்டை விடாதீர்கள். ஃபாரம் 29, 30-ல் கையெழுத்து வாங்கியதோடு தூங்கிவிடாமல் ஆர்.டி.ஓ. ஆபீஸில் பெயர் மாறியதா என்று பாருங்கள். கடனில் வாங்கிய வண்டி என்றால் பாங்க் கடிதமும் ஃபாரம் 35-ம் வேண்டும். இன்ஷூரன்ஸை 14 நாளைக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். நோ க்ளெய்ம் போனஸ் வண்டியோடு வராது, பழைய ஓனரோடு போய்விடும். 2024 டிசம்பரில் ஜி.எஸ்.டி. கவுன்சில் பழைய காருக்கு 18 சதவீதம் என்றதும் ஆபீஸ் கேன்டீன்களில் ஒரே புலம்பல். அது டீலருக்குக் கிடைக்கிற லாபத்தின் மேல்தான். வீட்டுக்காரரிடம் நேராக வாங்குகிற உங்களுக்கும் எனக்கும் இல்லை.

அறந்தாங்கியில் ஒரு ஆர்.எஸ். இருக்கிறது. கேட்கும் விலை நாலரை. ஞாயிற்றுக்கிழமை காந்தத்தோடும் சித்தப்பாவோடும் போகிறேன். "அப்பத்தாவையும் கூட்டிட்டுப் போங்க. பின்னாடி ஏறி எறங்கிப் பாக்கட்டும்" என்று வீட்டில் உத்தரவு. அப்பத்தா இப்போதே எந்தச் சேலை கட்டுவது என்று கேட்டுக்கொண்டிருக்கிறது.