கடைமடைக்கு நெட்டும் கடைசியாத்தான் வரணுமா?

"கிராமத்துப் பசங்க கேம் ஆடுறதுக்கு எதுக்குங்க ஸ்பீடு நெட்டு? வாட்ஸப்பும் யூட்யூபும் ஓடுதுல்ல, பத்தாதா?"

பொங்கலுக்கு சென்னையிலேருந்தும் பெங்களூர்லேருந்தும் வர்ற சொந்தக்காரங்க தவறாம கேக்குற கேள்வி இது. அவங்க வீட்டுல ஃபைபர் கனெக்‌ஷன் இருக்கு. அவங்க பையன் ராத்திரி பத்து மணிக்கு ஹெட்செட் மாட்டிக்கிட்டு ஆடுனா அது 'ரிலாக்ஸ்'. எங்க ஊர்ப் பையன் ஆடுனா 'கெட்டுப்போறான்'. நெல்லு வாங்க ஒரு படி, விக்க ஒரு படி வெச்சிருக்கிற வியாபாரி ஞாபகம்தான் எனக்கு வருது.

யூட்யூப் ஓடுற நெட்டுல எல்லாம் கேம் ஓடிடாது. வீடியோ, வரப்போற காட்சியை முன்கூட்டியே கொஞ்சம் இறக்கி வெச்சுக்கும். ஏரியில தேக்கி வெச்சு வயலுக்குப் பாய்ச்சுற மாதிரி. நடுவுல நெட்டு கொஞ்சம் தடுமாறினாலும் உங்களுக்குத் தெரியாது. நாலு பேர் சேர்ந்து ஆடுற ஆட்டத்துல தேக்கி வைக்க எதுவுமே இல்லை. எதிராளி அடுத்த நொடி எந்தப் பக்கம் ஓடுவான்னு யாருக்குத் தெரியும்? நடக்க நடக்கத்தான் தகவல் வரணும், நம்ம தகவலும் போகணும்.

அதனால இங்க கணக்கே வேற. விளம்பரத்துல போடுற எம்பிபிஎஸ் என்பது வாய்க்காலோட அகலம். ஆட்டத்துக்கு முக்கியம், மதகைத் திறந்தா தண்ணி வந்து சேர எவ்வளவு நேரம் ஆகுதுங்கறது. அதைத்தான் பசங்க 'பிங்'னு சொல்றாங்க. மில்லி செகண்டுல அளப்பாங்க. ஆயிரம் மில்லி செகண்ட் ஒரு செகண்ட். 50-க்குள்ள இருந்தா ஆட்டம் சுகம். 200-ஐத் தாண்டினா, நீங்க எதிராளியைப் பார்க்கிறதுக்குள்ள அவன் உங்களைச் சுட்டுட்டுப் போயிருப்பான். இதைவிட மோசம், ஒரு நேரம் 40, அடுத்த நொடி 300-ன்னு குதிக்கிறது. முறை வெச்சுத் தண்ணி விடுறேன்னு சொல்லிட்டு இஷ்டத்துக்குத் திறந்து மூடுனா எந்த விவசாயியால நாத்து விட முடியும்?

அகலமும் வேணாம்னு சொல்லலை. ஆடுறதுக்கு டேட்டா கம்மிதான். ஆனா ஒரு அப்டேட் வந்தா ஜிபி கணக்குல இறங்கும். ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி பேக் போட்ட பையனுக்கு அன்னிக்கு நாள் முடிஞ்சது.

இப்ப ஒரு கணக்கு. கண்ணாடி இழையில ஒளி ஒரு செகண்டுக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். எங்க கடைமடைக்கும் சென்னைக்கும் 300 கிலோமீட்டர். ஒளிக்கு அது ஒன்றரை மில்லி செகண்ட், போய்வர மூணு. சர்வர் மும்பையில இருந்தாலும், கேபிள் சுத்தி வளைச்சு 1,500 கிலோமீட்டர் போனாலும், போய்வர 15 மில்லி செகண்ட்தான். அப்போ எங்க பசங்க போன்ல ராத்திரி எட்டு மணிக்குக் காட்டுற 250 எங்கேருந்து வருது? தூரத்தால இல்லை. நாலு ஊருக்கு ஒரு டவர், எல்லாரும் ஒரே நேரத்துல அதுல தொங்குறாங்க. பல டவருக்குப் பின்னாடி ஃபைபரே கிடையாது. கரண்ட் போய் பேட்டரியும் தீர்ந்தா டவரும் படுத்துக்கும். இதெல்லாம் இயற்கை செஞ்சதில்ல. மனுஷன் செலவு பண்ணாம விட்டது.

ஊராட்சிகளுக்கு ஃபைபர் கொண்டுபோகும் திட்டத்துக்கு மத்திய அரசு 2011-லயே ஒப்புதல் கொடுத்தது. பிறகு அதுக்கு பாரத்நெட்னு பேர் வெச்சாங்க. இலக்கு இரண்டரை லட்சம் ஊராட்சி. நல்ல திட்டம்தான். ஆனா ஊராட்சி அலுவலகம் வரைக்கும் வர்றது வேற, வீட்டுக்குள்ள வர்றது வேற. மேட்டூர்ல ஜூன் 12 தண்ணி திறந்துட்டாங்கன்னு பேப்பர்ல படிச்சா, கடைமடை வயல் நனைஞ்சிடுமா? பிராட்பேண்டுங்கற பேருக்கு இந்த நாட்டுல 2023 வரைக்கும் 512 கேபிபிஎஸ் போதும்னு இருந்தது. இப்ப 2 எம்பிபிஎஸ். அந்த வரையறையில பிங்கைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை.

"கேம் அடிமையாக்குதே, சூதாட்டமாச்சே"ன்னு அடுத்த கேள்வி வரும். பணம் கட்டி ஆடுறதை 2025-ல வந்த மத்தியச் சட்டம் தடை பண்ணிடுச்சு. அதே சட்டம் இ-ஸ்போர்ட்ஸை விளையாட்டுன்னு ஒத்துக்கிட்டிருக்கு. 2023-ல ஹாங்சோவுல நடந்த ஆசிய விளையாட்டுல இதுக்குப் பதக்கமே கொடுத்தாங்க. அடிமையாகுற பிரச்சினை நிஜம்தான். ஆனா அதுக்கு மருந்து மோசமான நெட்டா? அப்படின்னா முதல்ல அடையாறுலயும் அண்ணா நகர்லயும் ஒயரைப் பிடுங்குங்க. எத்தனை மணி நேரம் ஆடலாம்னு பிள்ளையைப் பெத்தவங்க சொல்லட்டும். டவர் சொல்ல வேண்டாம்.

எங்க அண்ணன் மகன் காலேஜ் கூட்டாளிங்க மூணு பேரோட டீம் போட்டு ஆடிக்கிட்டிருந்தான். மூணு பேரும் டவுன் பசங்க. லீவுக்கு ஊருக்கு வந்த ஒரே மாசத்துல, "மச்சி, நீ நல்லாத்தான் ஆடுற, உன் நெட்டுதான் எங்களைக் கொல்லுது"ன்னு சொல்லி வேற ஆளைச் சேர்த்துக்கிட்டாங்க. அவங்க மேல தப்பில்ல. நாளைக்கு இதே பையன் வீடியோவுல வேலைக்கு இன்டர்வியூ கொடுப்பான். அப்பவும் குரல் விட்டு விட்டுத்தான் போகும். "சரியா பேச வரலை"ன்னு எழுதிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவாங்க.

உடனே "அப்படின்னா வேலைக்காகக் கேளுங்க, விளையாட்டுக்காகக் கேக்காதீங்க"ன்னு புத்தி சொல்லாதீங்க. ஊருக்குக் கபடித் திடல் கேட்டா, "அதனால விளைச்சல் கூடுமா"ன்னு யாரும் கேக்குறதில்ல. இருவது வயசுப் பையன் சாயங்காலம் கூட்டாளிகளோட ஆடணும்னு நினைக்கிறதே போதுமான காரணம்.

நாங்க கேக்குறது இலவசம் இல்ல. மாசாமாசம் உங்களை மாதிரியே முழு ரீசார்ஜ் காசு கட்டுறோம். டவருக்கு ஃபைபர் கொடுங்க. ஊராட்சி ஆபீஸ்லேருந்து தெருவுக்கு இழுங்க. மாவட்டச் சராசரியைக் காட்டாம, எங்க ஊர்ல ராத்திரி எட்டு மணிக்கு பிங் எவ்வளவுன்னு அளந்து வெளியில போடுங்க. அடுத்த தடவை ஊருக்கு வர்ற சொந்தக்காரங்க, பசங்களுக்கு அட்வைஸ் பண்றதுக்கு முன்னாடி அவங்க போனை வாங்கி ஒரே ஒரு மேட்ச் ஆடிப் பாருங்க.