சுவரில் மாட்டும் படத்துக்கு ஒரு பெயர் இருக்கட்டும்



புதுமனை புகுவிழாப் படங்கள் நிறையப் பேர் அனுப்புகிறீர்கள். நீங்கள் சொந்த வீட்டு வாசலில் நிற்பதைப் பார்க்க மனசு நிறைகிறது. ஆனால் ஒன்று கவனித்தேன். சொந்த ஊரில் கட்டிய வீடானாலும் சென்னையில் வாங்கிய ஃபிளாட் ஆனாலும், ஹால் சுவரில் ஒரே படம்தான். ஓடுகிற ஏழு குதிரைகள். இல்லாவிட்டால் ஐந்து துண்டாக வெட்டிய புத்தர் முகம். யார் வரைந்தது என்று கேட்டால், "ஆன்லைன்ல வாங்கினது டீச்சர்" என்று பதில் வருகிறது.

கேட்டது வரைந்தவரை, கிடைத்தது கடையின் பெயர்.

என் கருத்து இதுதான். வீட்டில் ஒரு படம் மாட்டினால், "இது இன்னார் வரைந்தது" என்று வருகிறவர்களிடம் சொல்ல முடிய வேண்டும். அதற்கெல்லாம் வசதி வேண்டும் என்று பலர் நினைக்கிறீர்கள். வசதி அவ்வளவாகத் தேவையில்லை. கொஞ்சம் தேடினால் போதும்.

நம் வீடுகளுக்குள் படம் வந்ததே மலிவு விலையில்தான். ரவிவர்மாவின் எண்ணெய் ஓவியங்களை அரண்மனைக்காரர்களும் பெரிய தனவந்தர்களும்தான் வாங்க முடிந்தது. 1894-இல் பம்பாயில் அவருடைய அச்சகம் தொடங்கிய பிறகுதான் அவர் வரைந்த லட்சுமியும் சரஸ்வதியும் சாமானியர் வீட்டுச் சுவருக்கு வந்தார்கள். அதன் பிறகு நம் கோவில்பட்டி கொண்டைய ராஜு. அவர் வரைந்த சாமி படங்கள் சிவகாசியில் காலண்டராக அச்சாகி ஊர் ஊராகப் போயின. தாத்தா வீட்டுப் பரணில் தேடிப் பாருங்கள். பழைய காலண்டர் படம் கிடைத்தால் கீழ் ஓரத்தைப் பாருங்கள். அவர் பெயரோ அவருடைய சீடர் ஒருவர் பெயரோ இருக்கலாம். கரையான் அரிப்பதற்குள் எடுத்து பிரேம் போடுங்கள். செலவு பிரேமுக்கு மட்டும்தான்.

புதிதாக வாங்க வேண்டுமென்றால் ஓவியம் படிக்கும் பிள்ளைகளிடம் வாங்குங்கள். சென்னைப் பெரியமேட்டில் உள்ள அரசு கவின் கலைக் கல்லூரி 1850-இல் தொடங்கியது. கும்பகோணத்திலும் ஒரு அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. மாணவர்கள் கண்காட்சி வைக்கும்போது குடும்பத்தோடு போய்ப் பாருங்கள். பெங்களூரில் இருப்பவர்களுக்கு இன்னும் வசதி. ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குமார கிருபா சாலை முழுவதும் சித்திரச் சந்தை நடக்கும். ஓவியர்களே தெருவில் உட்கார்ந்து விற்பார்கள்.

பெரிய எண்ணெய் ஓவியம் கட்டுப்படியாகாவிட்டால் கோட்டோவியம் கேளுங்கள், உள்ளங்கை அளவு நீர்வண்ணம் கேளுங்கள். மரக்கட்டையிலும் உலோகத் தகட்டிலும் செதுக்கி எடுக்கும் அச்சு ஓவியங்களும் உண்டு. ஒரே கட்டையிலிருந்து பல பிரதிகள் எடுப்பதால் விலை குறையும். ஆனாலும் ஒவ்வொன்றும் ஓவியரே கையெழுத்துப் போட்ட படம்தான்.

ஒரே ஒரு வேண்டுகோள். வெங்காயம் வாங்குவது மாதிரி பேரம் பேசாதீர்கள். 1966-இல் கே.சி.எஸ். பணிக்கரும் அவரோடு இருந்த ஓவியர்களும் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை உருவாக்கினார்கள். அந்த நிலத்தை வாங்க அவர்கள் பாத்திக் துணியும் கைவினைப் பொருள்களும் செய்து விற்றார்கள். அத்தனை பெரிய கலைஞர்களுக்கே ஓவியம் மட்டும் சோறு போடவில்லை. இன்றும் நாலைந்து வருடம் ஓவியம் படித்துவிட்டு கல்யாண மேடை அலங்காரத்துக்கும் பேனர் டிசைனுக்கும் போய்விடுகிற பிள்ளைகள் உண்டு. அந்த வேலைகளை நான் குறைவாகச் சொல்லவில்லை. வரைந்ததை வாங்க ஆள் இருந்தால் அவர்கள் தொடர்ந்து வரைவார்கள் என்கிறேன். நீங்கள் குறைக்கச் சொல்லும் முந்நூறு ரூபாய் உங்களுக்கு ஒருவேளை ஓட்டல் சாப்பாடு. அந்தப் பிள்ளைக்கு அது வண்ணப் பெட்டி.

கையில் காசே இல்லையா? நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் 2017 முதல் காப்புரிமை முடிந்த லட்சக்கணக்கான படங்களை இணையத்தில் இலவசமாக எடுத்துக்கொள்ள விட்டிருக்கிறது. ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் பேரலைப் படம் அதில் இருக்கிறது. நல்ல தாளில் பிரிண்ட் போட்டு மாட்டலாம், தவறில்லை. ஆனால் இன்று வாழ்கிற ஓவியர் இன்ஸ்டாகிராமில் போட்டதைக் கேட்காமல் எடுத்து பிரிண்ட் போடுவது, பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுவது மாதிரி. வகுப்பில் அதற்கு என்ன கிடைக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

இன்னொன்று. செயல்வழிக் கற்றல் வகுப்பறையில் படித்தவர்களுக்குக் கம்பிப் பந்தல் ஞாபகம் இருக்கும். தலைக்கு மேலே கம்பி கட்டி எல்லோருடைய படத்தையும் தொங்கவிடுவோம். நன்றாக வரைந்தவன் படம், வரைய வராதவன் படம் என்ற பாகுபாடு கிடையாது. பெயர் எழுதாத படத்தை மட்டும் திருப்பிக் கொடுப்பேன். தன் பெயரோடு தன் படம் தொங்குவதைப் பார்க்கிற பிள்ளையின் முகம் எப்படி இருக்கும் என்று முப்பது வருடத்துக்கு மேல் பார்த்தவள் சொல்கிறேன்: உங்கள் பிள்ளை வரைந்ததை பிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டாதீர்கள். பெயரும் தேதியும் எழுதச் சொல்லி, கண்ணாடி போட்டு, ஹாலில் மாட்டுங்கள்.

மாட்டும் முறை பற்றியும் சிலர் கேட்டிருந்தீர்கள். முதலில் படங்களைத் தரையில் பரப்பி அடுக்கிப் பாருங்கள். பிறகு அதே அளவுக்குச் செய்தித்தாளை வெட்டிச் சுவரில் ஒட்டிப் பார்த்துவிட்டு ஆணி அடியுங்கள். சுவரெல்லாம் ஓட்டையாகாது. பலர் உத்தரத்துக்குப் பக்கத்தில் மாட்டுகிறீர்கள். படத்தின் நடுப்பகுதி கண் மட்டத்தில் வரட்டும். படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே அட்டை வைத்து ஓரம் விடச் சொல்லுங்கள், கண்ணாடியில் ஒட்டாது. மழையில் ஓதம் ஏறும் சுவரும் நேர் வெயில் விழும் சுவரும் வேண்டாம். எல்லாச் சட்டமும் ஒரே நிறத்தில் இருந்தால் சின்னதும் பெரிதுமான படங்கள்கூட ஒரு வரிசையாகத் தெரியும். ஒரே நாளில் சுவரை நிரப்ப வேண்டியதில்லை. வருடத்துக்கு ஒரு படம் சேர்ந்தால் போதும்.

வாஸ்துவுக்காகக் குதிரைதான் வேண்டும் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. வரையத் தெரிந்த ஒரு பிள்ளையிடம் நம் ஊர் அய்யனார் கோயில் மண் குதிரையைக் காட்டி வரைந்து தரச் சொல்லுங்கள். ஏழு வேண்டுமென்றால் ஏழு.

மாட்டியதும் எனக்குப் படம் எடுத்து அனுப்புங்கள். வரைந்தவர் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். பெயர் இல்லாவிட்டால் பழையபடி திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்