கைக்கேற்ற மட்டை



சென்ற விடுமுறையில் ஒன்பது வயதுப் பேத்தியை ராஸ் தீவுக்கு அழைத்துச் சென்றிருந்தேன். 2018 முதல் அது நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என்றாலும் நம் வாயில் பழைய பெயர்தான் வருகிறது. மரவேர்கள் விழுங்கிய கட்டடங்களைப் பார்த்துக்கொண்டே வந்தவள், வெள்ளைக்கார அதிகாரிகள் இங்கே டென்னிஸ் ஆடினார்கள் என்று நான் சொன்னதும் நின்றுவிட்டாள். "தாத்தா, நானும் டென்னிஸ் ஆடட்டுமா?" என்றாள். கைதிகளின் உழைப்பில் எழுந்த தீவில் அதிகாரிகள் ஆடிய ஆட்டத்தை இன்று நம் வீட்டுப் பிள்ளை கேட்கிறாளே என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அன்றிரவு மட்டை வாங்கும் பேச்சு எழுந்தபோது என் மகள் சொன்ன சொல்தான் இக்கட்டுரைக்குக் காரணம்.

அவளும் ஒருகாலத்தில் ஆட ஆசைப்பட்டவள். 1996-ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கில் லியாண்டர் பயஸ் வெண்கலப் பதக்கம் வென்றபோது, நம் தீவிலும் பல பிள்ளைகளுக்கு அந்த ஆசை பிறந்தது. மறு ஆண்டு விடுப்பில் சென்னை சென்ற நான், பெரியமேட்டில் ஒரு கடையில் அவளுக்கு மட்டை வாங்கினேன். அவளுக்கு வயது பதினொன்று. நான் வாங்கியதோ பெரியவர்கள் ஆடும் 27 அங்குல மட்டை. பள்ளிச் சீருடையை இரண்டு அளவு பெரிதாகத் தைத்து, ஓரத்தை மடித்து அடிக்கிறோமே, அதே கணக்குதான். 'வளர்ந்தாலும் உதவும்' என்று எண்ணினேன். மூன்று நாள் கப்பலில் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

மூன்றே மாதத்தில் மணிக்கட்டு வலி என்றாள். பிறகு ஆடப் போகவில்லை. சோம்பல் என்று நான் திட்டினேன். அந்த மட்டை இன்றும் எங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. ஏறத்தாழ முப்பது ஆண்டு கழித்து இப்போதுதான் சொல்கிறாள்: "அப்பா, எனக்கு ஆட்டம் பிடிக்காமல் போகவில்லை. அந்த மட்டையை என்னால் தூக்க முடியவில்லை. விலை கொடுத்து வாங்கி வந்தீர்களே என்று சொல்லாமல் இருந்துவிட்டேன்."

அன்பர்களே, விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று நம் முன்னோர் சொன்னதை நான் மறந்துவிட்டேன். நீங்கள் மறக்க வேண்டாம் என்பதற்காகவே, பிறகு நான் கேட்டும் படித்தும் அறிந்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் நீளம். பிள்ளை நேராக நின்று, கைப்பிடியைப் பிடித்து மட்டையைக் காலோரமாகத் தொங்கவிடட்டும். மட்டையின் நுனி தரையைத் தொட்டும் தொடாமலும் இருந்தால் சரி. தரையில் இடித்தால் பெரிது. சுமாராக ஆறு முதல் எட்டு வயதுக்கு 23 அங்குலம், ஒன்பது பத்து வயதுக்கு 25, அதன்பின் 26, உயரம் வந்த பிறகே 27. பத்து வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் வேகம் குறைந்த பந்துகளையே பயன்படுத்த வேண்டும் என்று உலக டென்னிஸ் சம்மேளனமே 2012 முதல் விதி வைத்திருக்கிறது. பந்தையே பிள்ளைக்கேற்ப மாற்றினார்கள் என்றால், மட்டையை மாற்ற நமக்கு என்ன தயக்கம்?

அடுத்தது எடை. இருநூற்றைம்பது கிராமுக்கும் முந்நூற்றிருபது கிராமுக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். எடை எவ்வளவு என்பதைப் போலவே, அது எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். சுத்தியலைப் பிடியில் பிடித்து வீசிப் பாருங்கள். பிறகு தலைப்பக்கம் பிடித்து வீசிப் பாருங்கள். சுத்தியல் ஒன்றுதான், கைக்குத் தெரியும் பாரம் வேறு. மட்டையும் அப்படியே. 27 அங்குல மட்டையின் நடுப்புள்ளி, அடியிலிருந்து சுமார் 34 சென்டிமீட்டரில் இருக்கும். மட்டையை ஒரு விரல்மேல் கிடத்துங்கள். அந்த நடுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே, கைப்பிடிப் பக்கமாக, சாயாமல் நின்றால் கைக்கு இதம். மேலே தள்ளி நின்றால் தலை கனம்; அது மணிக்கட்டையும் முழங்கையையும் கேட்கும்.

இரண்டு மூன்று மட்டை வைத்துக்கொள்ள வசதியில்லாத நம்மைப் போன்ற குடும்பங்களில், வளர்ந்த பிள்ளைக்கு எல்லா அடிக்கும் உதவும் ஒரே மட்டை வேண்டும். நரம்பு கட்டாத நிலையில் 280 முதல் 300 கிராம் எடை, 98 முதல் 100 சதுர அங்குலத் தலை, கைப்பிடிப் பக்கம் சற்றே சாய்ந்த நிறை: இது போதும். கைப்பிடியைப் பிடித்தால் விரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் இடையே மறுகையின் சுட்டுவிரல் நுழைய வேண்டும். சிறிய பிடியை நாடா சுற்றிப் பெருக்கலாம். பெரிய பிடியைச் சிறிதாக்குவது கடினம்.

நம் தீவுக்கென்று ஒரு செய்தியும் உண்டு. மரமட்டைக் காலத்தில், ஈரத்தில் வளையாதிருக்க அதைச் சட்டத்தில் வைத்துத் திருகாணி முடுக்கி வைப்பார்கள். இன்றைய கிராஃபைட் மட்டை வளையாது. ஆனால் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் இங்கே விலையுயர்ந்த குடல் நரம்பு சீக்கிரம் கெடும். செயற்கை நரம்பே உத்தமம். விறைப்பான பாலியெஸ்டர் நரம்பு பிள்ளைகளின் கைக்கு ஆகாது.

'பெரிய ஆட்டக்காரரின் பெயர் போட்ட மட்டை' என்று மயங்குவோருக்கு ஒரு சொல். நாகர்கோவிலில் பிறந்த ராமநாதன் கிருஷ்ணன் 1954-இல் விம்பிள்டன் இளையோர் பட்டம் வென்றார். 1960, 1961 இரு ஆண்டுகளிலும் அங்கே அரையிறுதி வரை சென்றார். முரட்டு வேகத்தால் அல்ல, கையின் நயத்தால். அவர் மகன் ரமேஷ் 1979-இல் அதே இளையோர் பட்டத்தை வென்றார்; அவர் ஆட்டமும் அப்படியே. மட்டை கைக்குள் அடங்கினால்தான் அந்த நயம் வரும்.

2020-இல் சென்னையிலிருந்து கடலடிக் கம்பிவடம் வந்தபின் எதையும் கைப்பேசியிலேயே வாங்கிவிடலாம் என்பார்கள். படம் பார்க்கலாம், பாரம் பார்க்க முடியுமா? ஆகவே சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நூல்களை இரவல் கொடுப்பதுபோல 23, 25, 26, 27 அங்குல மட்டைகள் சிலவற்றைச் சங்கத்தில் வைப்போம். பிள்ளை இரண்டு வாரம் எடுத்துச் சென்று ஆடிப் பார்க்கட்டும். பிறகு பெற்றோர் வாங்கட்டும். பிள்ளை வளர்ந்து சிறிதாகிப்போன மட்டையைப் பரணில் போடாமல் சங்கத்துக்கே தரட்டும்.

தொடக்கமாக என் சுவரில் தொங்கும் மட்டையைப் புது நரம்பு கட்டித் தருகிறேன். பெரியவர்களுக்கு மட்டும் என்று அதில் எழுதி ஒட்டிவிடுங்கள். பேத்திக்கு 25 அங்குலம் வாங்கியாயிற்று. மாலையில் அவளுக்குப் பந்து போடுவது என் மகள்தான்.