பிகாஸுக்கு முன்னால் ஃபுல் ஸ்டாப் எதற்கு?

'ஐ லெஃப்ட் மை ஜாப். பிகாஸ் மை மதர் வாஸ் இல்.' வேலைக்கான விண்ணப்பத்தில் இப்படி எழுதினால், இன்டர்வியூவுக்கு முன்பே மதிப்பு ஒரு படி இறங்கிவிடும். பேச்சில் இது உறுத்தாது. எழுத்தில் இரண்டாவது துண்டு அந்தரத்தில் தொங்கும்.

'வேலையை விட்டேன். ஏனென்றால் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை' என்று தமிழில் எழுதலாம். அந்தப் பழக்கம்தான் இங்கேயும் வந்துவிடுகிறது. ஆனால் பிகாஸ், 'உடம்பு சரியில்லாததால்' என்பதைப் போன்றது, தனியே நிற்காது. ஃபுல் ஸ்டாப்பை எடுத்துவிட்டு, பிகாஸின் முதல் எழுத்தைச் சின்னதாக்குங்கள். சரியாகிவிடும்.

பிகாஸில் வாக்கியத்தைத் தொடங்கலாமா? தாராளமாக! (பள்ளியில் கூடாது என்றிருப்பார்கள்.) 'பிகாஸ் மை மதர் வாஸ் இல், ஐ லெஃப்ட் மை ஜாப்.' நடுவே ஒரு கமா போதும். 'ஸோ' சேர்க்காதீர்கள்.