சாவுக்குச் சங்கம் வைத்த நாம்

பசறைப் பக்கத்துத் தோட்டங்களில் பிள்ளை வளர்க்கும் அம்மாமாரே, அப்பாமாரே, கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, இதைக் கேட்டே ஆகவேண்டும். மரண உதவிச் சங்கத்துக்கு மாதம் தவறாமல் சந்தா கட்டுகிறோம். ஒருவர் கண்ணை மூடினால் பெட்டி, நாற்காலி, தேத்தண்ணி எல்லாம் வாசலுக்கு வந்துவிடுகிறது. அதே மனிதர் குடியை விடவும் முடியாமல், விடிந்தால் கை நடுங்கிக்கொண்டு நம் லயத்து வாசலில் நடமாடியபோது நாம் எத்தனை பேர் கூடினோம்?

என் மூத்த மகன் கொழும்பில் கடை வேலைக்குப் போய், குடியோடு திரும்பி வந்தான். மூன்று வருசம் நான் எல்லாரிடமும் சொன்னது, "அவனுக்கு வயித்துல புண்." கொழுந்து மடுவத்தில் கேட்டாலும் புண், கோயிலில் கேட்டாலும் புண். கேட்டவர்களில் ஒருத்தியின் மகனுக்கும் அதே "புண்" என்று பிறகுதான் தெரிந்தது. இரண்டு தாய்மார் பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து பறித்துக்கொண்டே ஒருத்திக்கொருத்தி பொய் சொல்லியிருக்கிறோம். மானம் போகும் என்று பயந்தோம். சென்னையில் பெரிய தொழில் குடும்பத்து மருமகள் சாந்தி ரங்கநாதன் குடியால் கணவரை இழந்தவர். மறைக்க அவருக்கு வசதியா இல்லை? அவரோ 1980இல் குடிநோயாளிகளுக்கென்றே ஒரு சிகிச்சை நிலையத்தைத் தொடங்கினார்.

நாம் செய்வது என்ன? சோற்றில் கலந்து கொடுக்க யாரோ விற்கும் பொடியை ரகசியமாக வாங்குகிறோம். குடிக்கிறவருக்குத் தெரியாமல் அப்படி மருந்து கொடுப்பது உயிருக்கே ஆபத்து. அதில் சில, சாராயத்தோடு சேர்ந்தால் நெஞ்சைப் பிடித்துவிடும். இன்னும் சிலர் அறைக்குள் போட்டுப் பூட்டி வைக்கிறார்கள். தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறி இல்லாததெல்லாம் கண்ணில் தெரியலாம். அது பேய் இல்லை. கோடாங்கியைத் தேடாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். இருபத்தொரு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மதுவை விற்கக்கூடாது என்று 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. அந்த வயதுப் பையனிடமே "அப்பாவுக்கு ஒரு கால் போத்தல் வாங்கிட்டு வா" என்று காசைக் கொடுத்து அனுப்புகிறவர்களும் நாம்தான்.

"இவனால விடவே முடியாது" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஐயப்பனுக்கு மாலை போட்ட 41 நாளும் ஒரு சொட்டுத் தொடாத ஆட்களை நாம் பார்த்ததில்லையா? சாமிக்குப் பயந்து விட்டார்கள் என்கிறோம். நான் வேறொன்றையும் கவனித்தேன். மாலை போட்டவர் பின்னேரத்தில் தனியாக இருப்பதில்லை. குடிக்கத் தோன்றும் அந்த நேரத்தில் பஜனை இருக்கிறது, கூட நாலு சாமிமார் இருக்கிறார்கள், "எங்கே காணவில்லை?" என்று தேடி வர குருசாமி இருக்கிறார். மாலையைக் கழற்றியதும் அந்தக் கூட்டமும் கலைகிறது. பின்னேரம் மட்டும் அப்படியே மிஞ்சுகிறது.

அந்தக் கூட்டம் கலையாமல் வருசம் முழுக்க இருக்கவேண்டும். உலகத்தில் அப்படி ஒரு கூட்டம் எப்படித் தொடங்கியது என்று படித்தபோது எனக்கு அழுகை வந்தது. 1935இல் அமெரிக்காவின் அக்ரோன் நகரத்துக்குத் தொழில் காரியமாக வந்த பில் வில்சன், குடியை விட்டுச் சில மாதங்களே ஆனவர். வந்த காரியம் தோற்றுவிட்டது. தங்கியிருந்த ஹோட்டலின் ஒரு பக்கத்தில் பார். அதற்குள் போகாமல் அவர் தொலைபேசியை எடுத்து, ஊர் பேர் தெரியாத பாதிரிமாருக்கு அழைத்து, தன்னைப் போல் குடியோடு போராடுகிற ஒருவரைக் காட்டுங்கள் என்று கேட்டார். கிடைத்தவர் டொக்டர் பொப் ஸ்மித். அவர் கடைசியாகக் குடித்தது ஜூன் 10. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் தன் பிறந்தநாளாகக் கொண்டாடுவது அந்தத் தேதியைத்தான். அதில் சேரக் கட்டணம் இல்லை. குடியை நிறுத்தவேண்டும் என்ற ஆசை இருந்தால் போதும். இரண்டு மூன்று பேர் சேர்ந்தாலே அது ஒரு குழு. உள்ளே பேசியது வெளியே போகக்கூடாது, பேரும் வெளியே போகக்கூடாது. வீட்டுக்காரர்களுக்கென்று 1951இல் அல் அனோன் என்று தனியாக ஒன்று உருவானது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் பில்லின் மனைவி லோயிஸ்.

சிகிச்சைக்குப் பதுளை பெரியாஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் கேளுங்கள். பஸ்ஸேறிப் போகமுடியாவிட்டால் 1926க்கு அழையுங்கள், அது தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம். லயத்துக்கு வரும் குடும்பநல மிஸ்ஸிடம் தடுப்பூசிக் கணக்கு மட்டும் பேசாமல் இதையும் பேசுங்கள். நடுக்கத்துக்கு மருந்து ஆஸ்பத்திரியில் கிடைக்கும். ஆனால் அங்கிருந்து வீட்டுக்கு வந்த பிறகு வரும் முதல் சம்பள நாளும், தீபாவளி முற்பணம் கைக்கு வரும் நாளும் இங்கே, நம் தோட்டத்தில்தான் வரும். அந்த நாட்களில் கூட உட்கார ஆள் வேண்டும்.

நாம் கூடி உட்கார முன்பள்ளிச் சாவியைத் தோட்டத் தலைவரிடம் கேட்டுவிட்டேன், தருகிறேன் என்றார். ஞாயிறு பின்னேரம் நாலு மணி. தேத்தண்ணி நான் கொண்டுவருகிறேன். என் மகன் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். உங்கள் வீட்டிலிருந்தும் ஒருவரை அனுப்புங்கள்.