வாய்ச்சொல்லும் பந்தாட்ட வீரனும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே பேஸ்பால் ஆடும் உயர்தரப் பாடசாலை மாணவனைத் தம் கல்லூரிக்கு அழைக்க விரும்பும் பயிற்சியாசிரியர், நினைத்தபோதெல்லாம் அவனோடு உரையாட இயலாது. என்.சி.ஏ.ஏ. என்னும் கல்லூரி விளையாட்டுச் சங்கம் தன் முதற்பிரிவுக் கல்லூரிகளுக்கு 2023ஆம் ஆண்டில் வகுத்த விதியின் பிரகாரம், அவன் பதினோராம் வகுப்பு தொடங்குமுன் வரும் ஆகஸ்டு 1ஆம் தேதிவரை அவர் மௌனஞ் சாதித்தல் வேண்டும். மாணவன் கடிதம் எழுதலாம். மறுமொழி வாராமை இகழ்ச்சியன்று. பயிற்சி முகாமின் விளம்பரத்தாள் வரக்கூடும். அதனை அழைப்பென மயங்கிப் பெற்றோர் பொருளைச் செலவிடுதல் பேதைமையேயாம்.

இவ்விதியை நாம் மனமார வரவேற்கிறோம். முன்னர் ஒன்பதாம் வகுப்புச் சிறுவரிடமும் வாக்குப் பெறுதல் வழக்கமாயிருந்தது. பதினான்கு வயதுப் பாலகன் தன் தோளின் வலியையே இன்னும் அறியான்! ஆயினும் குறையொன்றுண்டு. குறித்த நாளுக்குப்பின் அளிக்கப்படும் வாய்ச்சொல்லும் கல்லூரியைக் கட்டுப்படுத்துவதில்லை. ஆதலின் கையொப்பமிட்ட உடன்படிக்கை கைக்கு வருமளவும், பிற கல்லூரிகளுக்கும் அவன் எழுதிக்கொண்டேயிருக்கலாம்.