பாயிண்ட்ஸை அடைகாக்காதீங்க மக்களே

அமெரிக்காவுல கன்சல்டிங்ல பொட்டி தட்டுற நம்மாளுங்க பல பேருக்கு ஒரு பொதுவான வியாதி உண்டு. திங்கக்கிழமை விடியக்காலைல ப்ளேன் ஏறி க்ளையண்ட் ஊருக்குப் போக வேண்டியது, மூணு ராத்திரி ஹோட்டல்ல தூங்க வேண்டியது, வியாழக்கிழமை திரும்பி வந்து லாப்டாப்பைத் திறந்ததும் மொத வேலையா ஹோட்டல் பாயிண்ட்ஸ் எவ்வளவு ஏறியிருக்குன்னு பார்க்க வேண்டியது. பார்த்துட்டு? ஒண்ணும் பண்ண மாட்டோம். சேர்த்து வைப்போம். எதுக்குன்னு கேட்டா ஹவாய்ம்பாங்க, மாலத்தீவும்பாங்க. "அஞ்சு லட்சம் சேரட்டும் பாஸ், அப்புறம் பாருங்க"ன்னு ஒரு சிரிப்பு வேற.

என்னோட கட்சி இதுக்கு நேர் எதிர். பாயிண்ட்ஸை அடைகாக்கக் கூடாது. ரொம்ப நாள் அடைகாத்தா குஞ்சு வராது, கூமுட்டைதான் மிஞ்சும். ரெண்டு ராத்திரிக்கு ஆனதும் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் காரை எடுத்துக்கிட்டு ஏதாவது ஒரு சின்ன ஊருக்குப் போய் செலவழிச்சிடணும்.

ஏன்? மொத காரணம், இது நம்ம காசு இல்ல. அவங்க அடிக்கிற நோட்டு. மதிப்பை எப்ப வேணா அவங்களே குறைப்பாங்க. எந்த ஹோட்டலுக்கு எத்தனை பாயிண்ட்னு சொல்ற அட்டவணையை ஹில்டன் 2017ல தூக்கிட்டாங்க, மாரியட் 2022ல. இப்ப ரூம் வாடகை ஏறினா பாயிண்ட் விலையும் கூடவே ஏறும். விந்தம் பாயிண்ட்ஸுக்கு, வாங்கின நாள்ல இருந்து நாலு வருஷம்தான் ஆயுசு. நடுவுல 18 மாசம் கணக்கைத் தொடாம விட்டா அதுக்கு முன்னாடியே போயிடும். பேங்குல போட்ட காசுக்காவது வட்டின்னு ஏதோ வரும். இதுல தேய்மானம் மட்டும்தான்.

ரெண்டாவது காரணம் இன்னும் முக்கியம். நம்மகிட்ட லீவு இல்லீங்க. வருஷத்துக்குப் பத்து பதினஞ்சு நாள் கிடைக்கும், அதுவும் ஊருக்குப் போய் அம்மா கையால சாப்பிட்டுட்டு, மூணு கல்யாணத்துக்குத் தலையைக் காட்டிட்டு, விசா ஸ்டாம்பிங்குக்கு வரிசைல நின்னுட்டு வர்றதுக்கே சரியாப் போயிடும். இதுல ஹவாய்க்கு எங்க போறது? ஆனா வருஷத்துக்கு 52 வீக்கெண்ட் இருக்கு. அது மட்டும் யார்கிட்டயும் அனுமதி கேட்காம நம்ம கைல இருக்கறது.

உடனே எக்செல் ஷீட் வெச்சிருக்கற நண்பர்கள் சண்டைக்கு வருவாங்க. அவங்க கணக்கு இது: 95 டாலர் ரூம், வரியோட சேர்த்து 107ன்னு வெச்சுக்கலாம். அதுக்கு 15,000 பாயிண்ட் கொடுத்தா ஒரு பாயிண்டுக்கு 0.7 சென்ட்தான் கிடைக்குது. அதே பாயிண்ட்ஸை 600 டாலர் ரிசார்ட்டுல போட்டா இதைவிட ஜாஸ்தி கிடைக்கும். கணக்கு சரி. ஆனா ஒரு கேள்வி. அந்த 600 டாலரை நீங்க உங்க பாக்கெட்ல இருந்து எடுத்துக் கொடுத்திருப்பீங்களா? மாட்டீங்க இல்ல? அப்ப அந்த லாபம் எக்செல் ஷீட்டுக்குள்ள மட்டும்தான் இருக்கு. 107 டாலர் நிஜமா கொடுத்திருக்க வேண்டிய காசு, அது நிஜமாவே மிச்சம். வகுக்கறதுன்னா பாயிண்ட்ஸை சென்ட்டால வகுக்காதீங்க, வீக்கெண்டால வகுங்க.

விந்தம் உதாரணத்தையே எடுத்துக்குவோம். 2019ல அவங்க ஒரு ராத்திரிக்கு 7,500, 15,000, 30,000ன்னு மூணு படி வெச்சாங்க. டாலருக்கு 10 பாயிண்ட். வாரம் மூணு ராத்திரி 130 டாலர் ரூம்ல தங்கினா 3,900 பாயிண்ட். நாலு வாரம் ஓடினா நடுப்படில ஒரு ராத்திரி வந்துடும். அதாவது ரெண்டு மாச ஆணிக்கு ஒரு முழு வீக்கெண்ட் :-)

இன்னொரு சமாச்சாரம். கெம்மன்ஸ் வில்சன்னு மெம்ஃபிஸ்காரர் 1951ல குடும்பத்தோட காருல வாஷிங்டன் போனார். வழியில தங்கின இடங்கள் அழுக்கு, குழந்தைகளுக்கு வேற தனிக் காசு. கடுப்பாகி 1952ல அவரே ஆரம்பிச்சதுதான் ஹாலிடே இன். அந்த கம்பெனி 1983ல பாயிண்ட்ஸ் திட்டம் ஒண்ணைக் கொண்டு வந்தது. ஆக, இதோட வேரே ஒரு ரோட் ட்ரிப்தான். நாமதான் அதைக் கடலுக்கு நடுவுல கொண்டு போய் வெச்சிட்டோம்.

சரி, எங்க போறது? நான் இருக்கறது செயிண்ட் லூயிஸ், அதனால இந்தப் பக்கத்தையே சொல்றேன். தெற்கால மூணு மணி நேரத்துக்குள்ள பெடூக்கா, கென்டக்கி மாநிலம். நெடுஞ்சாலை எக்ஸிட் பக்கத்துல வரிசையா சங்கிலி ஹோட்டல்கள். அங்க ரெண்டு ராத்திரி பாயிண்ட்ஸ்ல போட்டாச்சு. சனிக்கிழமை ஊருக்குள்ள போனா, தேசிய க்வில்ட் மியூசியம். நம்ம பாட்டிங்க பழைய புடவையை ஒட்டுப் போட்டுத் தைப்பாங்களே, அதோட ஒண்ணு விட்ட சொந்தம்தான் க்வில்ட். கிட்டப் போய் தையலைப் பார்த்தா வாய் அடைச்சிடும். அப்படியே நடந்தா ஒஹையோ நதிக்கரை. 1937 வெள்ளத்துக்கு அப்புறம் கட்டின தடுப்புச் சுவர்ல, 1996ல இருந்து ராபர்ட் டாஃபோர்ட்னு ஒரு ஓவியர் ஊரோட கதையையே வரைஞ்சிருக்கார். டிக்கெட்டே கிடையாது.

ஞாயித்துக்கிழமை பாலத்தைத் தாண்டினா மெட்ரோபொலிஸ். ஊர்ப் பேரை வெச்சே 1972ல சூப்பர்மேனோட சொந்த ஊர்னு அறிவிச்சுக்கிட்ட ஊர். கோர்ட் வாசல்ல 15 அடி சூப்பர்மேன் சிலை. அங்கேயிருந்து கிளம்பி, வீட்டுக்குத் திரும்பற வழில கெய்ரோ. எழுதறது எகிப்து கெய்ரோ மாதிரி, சொல்றது 'கேரோ'. மிசிசிப்பியும் ஒஹையோவும் சேர்ற முனை. பவானி கூடுதுறை பக்கத்துல வளர்ந்தவன்ங்கறதால, ரெண்டு தண்ணி ரெண்டு நிறத்துல ஒட்டியும் ஒட்டாம போறதை அங்க ரொம்ப நேரம் நின்னு பார்த்தேன்.

ஆனா ஊருக்குள்ள போனா மனசு கனத்துடும். 1920ல 15,203 பேர் இருந்த ஊர், 2020 கணக்குல 1,733. படகு வியாபாரமும் ரயில் வியாபாரமும் போச்சு. அதோட நிக்கல. கறுப்பின மக்களை வேலைக்கு வைக்க மாட்டோம்னு சொன்ன கடைகளை 1969ல இருந்து அவங்க புறக்கணிச்சாங்க. பல கடைக்காரங்க கடையை இழுத்து மூடினாங்களே தவிர இறங்கி வரல. மெயின் ரோடு முழுக்க காலி மனை. ஆக, தேயறது பாயிண்ட்ஸ் மட்டும் இல்ல, ஊர்களும்தான். "அப்புறம் போய்க்கலாம்"னு ஒத்திப் போடறவங்களுக்கு இந்த ஒரு தெரு போதும்.

இதுல ஒரு சங்கடமும் இருக்கு, அதை மறைக்க வேண்டாம். பாயிண்ட்ஸ்ல தங்கினா நம்ம காசு அந்த ஊர்ல விழாது. எக்ஸிட்ல இருக்கற ஹோட்டல் பெரும்பாலும் பெரிய கம்பெனியோட சொத்து இல்ல, பேரை மட்டும் வாடகைக்கு எடுத்த ஒரு குடும்பத்தோடது. கவுண்டர்ல ஒரு படேல் அங்கிள் நின்னாலும் ஆச்சரியப்படாதீங்க. நாம ஓசில தூங்கற ராத்திரிக்கு கம்பெனி அவருக்கு ஒரு தொகை கொடுக்கும். பொதுவா, ரூம் காலியா கிடக்கற நாள்ல அது வழக்கமான வாடகையை விட ரொம்பக் கம்மி.

அதனால நான் எனக்குன்னு ஒரு சட்டம் வெச்சிருக்கேன். படுக்கை பாயிண்ட்ஸ்ல, சாப்பாடு ஊருக்குள்ள. மிச்சமான 200 சொச்சம் டாலரை அந்த ஊர் டைனர்ல, மியூசியத்துல, பழைய புத்தகக் கடைல செலவழிக்கறது. எக்ஸிட்லயே பர்கரும் தின்னுட்டு வந்தா நீங்க அந்த ஊருக்குப் போகவே இல்லைன்னு அர்த்தம். ரூம் சுத்தம் பண்றவங்களுக்கு அஞ்சு டாலர் மேசை மேல வெச்சிட்டு வாங்க. அந்த அம்மாவுக்கு உங்க ராத்திரி ஓசியா காசான்னு கவலை இல்ல, வேலை ஒண்ணுதான்.

அதே மாதிரி, பாயிண்ட்ஸ் செல்லற இடமா மட்டும் தேடித் தேடிப் போகாதீங்க. செயிண்ட் லூயிஸுக்குத் தெற்கால செயிண்ட் ஜெனவீவ்னு ஒரு பழைய ஃப்ரெஞ்சுக்காரங்க ஊர் இருக்கு, மரத்தை நெட்டுக்குத்தா நட்டுக் கட்டின வீடுகளோட. அங்க பழைய தெருவுக்குள்ள இருக்கற வீட்டு விடுதில காசு கொடுத்துத் தங்கறதுதான் அழகு. பாயிண்ட்ஸ் வண்டிக்குப் பெட்ரோல் மாதிரி. ஸ்டியரிங்கை அதுகிட்ட கொடுத்துடக் கூடாது.

அஞ்சு லட்சம் சேர்த்து வெச்சிருக்கற புண்ணியவான்களே, ப்ராஜெக்ட் முடிஞ்சா நாளைக்கே வேற மாநிலத்துக்குத் தூக்கி அடிச்சிடுவாங்க. மூணு வருஷம் மிசிசிப்பி பக்கத்துல இருந்தியே, என்ன பார்த்தேன்னு ஊர்ல யாராவது கேட்டா, பாயிண்ட் பேலன்ஸையா காட்டப் போறீங்க?